டிவி தின்னும் காசு கரண்ட் பில்லில் தெரியாது

டிவி பார்ப்பதைக் குறைத்தால் காசு மிச்சமாகும் என்றதும் எல்லோரும் கரண்ட் பில்லைத்தான் நினைக்கிறார்கள். சரி, அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 100 வாட் இழுக்கும் டிவி தினமும் 5 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 15 யூனிட். 2 மணி நேரமாகக் குறைத்தால் 9 யூனிட் மிச்சம். ரிமோட்டில் அணைத்த பிறகு செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள், பல பெட்டிகள் வெதுவெதுவென்றே இருக்கும். சுவிட்சையும் அணைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். எல்லாம் சில்லறைதான்.

பெரிய தொகை போகிற வழியே வேறு. ஜூலியட் ஷோர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1998-ல் ஒரு கணக்குச் சொன்னார்: வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக டிவி பார்த்தால், ஆண்டுச் செலவு சுமார் 208 டாலர் கூடுகிறது. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டிய தகவல், அதனால் அந்தத் தொகையை அப்படியே எல்லோர் தலையிலும் கட்ட முடியாது. ஆனால் விஷயம் உண்மை என்றே எனக்குப் படுகிறது.

"விளம்பரம் வந்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன்" என்பீர்கள். மாற்றுங்கள். சீரியலை என்ன செய்வீர்கள்? கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று ஒரு குடும்பமே அழுதுகொண்டிருக்கும். அவர்களுக்குப் பின்னால் பாருங்கள்: சோபாவின் நிறத்துக்கு ஏற்ற திரைச்சீலை, ஒரு கீறல்கூட இல்லாத சாப்பாட்டு மேஜை, அழுகிறவர் உடுத்தியிருப்பது மடிப்புக் கலையாத புதுத்துணி. யாரும் அதை வாங்கச் சொல்லவில்லை. ஆனால் தினமும் பார்க்கப் பார்க்க, வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்கிறது. அதிகம் டிவி பார்ப்பவர்கள், மற்றவர்களிடம் சொகுசுப் பொருள்கள் உண்மையில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதாக நினைக்கிறார்கள் என்று ஓ'க்வின், ஷ்ரம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் எழுதினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலாவது அவர் கட்டும் தவணையும் நம் காதுக்கு வந்துவிடும். டிவி வீட்டுக்கு யார் தவணை கட்டுகிறார்கள்?

டிவிதான் இருப்பதிலேயே மலிவான பொழுதுபோக்கு என்பதையும் மறுக்கவில்லை. வெளியே நடமாட முடியாத முதியவர்களிடம் போய் ரிமோட்டைப் பிடுங்கச் சொல்லவும் இல்லை. டிவியை அணைத்துவிட்டு அந்த நேரத்தில் கடை கடையாகச் சுற்றினால் ஒரு பைசாவும் மிஞ்சாது. அப்புறம், டிவியை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு செல்போனில் ரீல்ஸ் பார்ப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர வேண்டாம். டிவியில் பொருளைப் பார்த்து ஆசைப்பட்டால் எழுந்து கடைக்காவது போக வேண்டும், அதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும். செல்போனில் வாங்கும் பொத்தான் விரலுக்கடியிலேயே இருக்கிறது.

எனக்குப் பிடித்த வழி, பார்க்க வேண்டியதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு உட்காருவது, அது முடிந்ததும் அணைத்துவிடுவது. சும்மா ஓடிக்கொண்டிருக்கும் டிவிதான் ஆபத்து. ஓடிடி சந்தாவையும் ஒரு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக எப்போது திறந்தோம் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லாத ஆப் இருந்தால், தானாகப் பணம் எடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். திரும்ப வேண்டுமென்றால் கவலையே இல்லை, வாராவாரம் அவர்களே மெயில் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.