தண்ணி குடிச்சுட்டு வாங்க

"காலையில வெறும் வயித்துல வரணும் தாத்தா. தண்ணி மட்டும் ஒரு லிட்டர் குடிச்சுட்டு, யூரின் போகாம வந்துடுங்க. எட்டரைக்கு இங்க இருக்கணும்."

ஸ்கேன் சென்டரிலிருந்து போனில் இதைச் சொன்ன பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். எனக்கு 72. மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தானே அந்த வயிறு ஸ்கேனையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? ராத்திரி நாலு தரம் எழுந்து ஓடுகிறவனிடம் அடக்கிக்கொண்டு வா என்றால், முட்டிவலிக்காரனிடம் "உச்சிப்பிள்ளையார் கோயில் வரைக்கும் ஏறி வா, அங்கேதான் முட்டிக்கு வைத்தியம்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காரணம் புரியாமல் பேசவில்லை. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அந்தத் தண்ணீர் வழியாக ஒலி அலை போய் அடியில் இருக்கும் புராஸ்டேட்டைக் காட்டும். முப்பத்தி மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வேன். என் கோபம் ஸ்கேன் மேல் இல்லை. ஒரு லிட்டரைக் குடிக்கச் சொல்லிவிட்டு அதற்கு மேல் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கிறார்களே, அது மேல்தான்.

முதல் குழப்பம் மாத்திரை. என் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. அன்றைக்குப் போடலாமா, கூடாதா? போனில் கேட்டேன். "அத உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க தாத்தா." டாக்டரின் கிளினிக் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறக்கும். சரி, பிரஷர் ஏறிவிடக் கூடாதே என்று போட்டுக்கொண்டேன். அன்றைய அனர்த்தத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி அந்த மாத்திரைதான்.

ஏழே கால் மணிக்கு வீட்டம்மா செம்பைக் கையில் கொடுத்து எதிரே நின்றுகொண்டாள், குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி. குடித்தேன். ஸ்ரீரங்கத்தில் இருவரும் டவுன் பஸ் ஏறினோம். அவளுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. அது இருக்கட்டும். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் டிராஃபிக்கில் நின்றுவிட்டது. ஆவணி மாதம், மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் காட்சி அது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்து சீட்காரர், "பாருங்க சார், என்னா தண்ணி!" என்று என் தோளைத் தட்டினார். அந்த மனிதரை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

தில்லைநகரில் கிராஸுக்கு கிராஸ் ஸ்கேன் சென்டர்கள். நான் போனது அதில் ஒன்று. டோக்கன் 11. டாக்டர் வந்துவிட்டாரா? "வந்துட்டே இருக்காரு தாத்தா." ஒன்பது மணிக்கும் வந்துகொண்டே இருந்தார், ஒன்பதரைக்கும் வந்துகொண்டே இருந்தார். குண்டும் குழியுமான ஸ்டீல் நாற்காலி. எதிர்ச் சுவரில், "இங்கு கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்பட மாட்டாது" என்ற போர்டு. 1994-ல் வந்த சட்டப்படி எல்லா ஸ்கேன் சென்டரிலும் வைத்தாக வேண்டிய போர்டு, நல்ல விஷயம்தான். ஆனால் நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நடுவில் யாரோ பெரிய இடத்துச் சிபாரிசு என்று இரண்டு பேர் வந்து டோக்கனே இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மூலையில் வாட்டர் கேன். யாராவது குழாயைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பத்து மணிக்குக் கவுன்ட்டருக்குப் போனேன். "அம்மா, ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடட்டுமா?"

"போயிட்டீங்கன்னா மறுபடி ஒரு லிட்டர் குடிக்கணுமே தாத்தா." கொஞ்சம் யோசித்துவிட்டு, மனசு இரங்கி, "வேணும்னா கொஞ்சமா விட்டுட்டு நிறுத்திட்டு வந்துடுங்க" என்றாள்.

நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்தப் படி ஏறி வருகிறேன்?

இதில் அந்தத் "தாத்தா" வேறு. என் பேத்தி கூப்பிட்டால் தாத்தா. பணம் வாங்கி ரசீது போடுகிறவளுக்கு நான் எந்த வகையில் தாத்தா? ரசீதில் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்து ஒரு "சார்" சேர்த்துக்கொண்டால் போதும். முப்பது வயதுக்காரர்களை எல்லாம் அவள் "சார்" என்றுதான் கூப்பிட்டாள்.

பத்தே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஐஸ் மாதிரி ஜெல்லைத் தடவி, அந்தக் கருவியை அடிவயிற்றில் வைத்து ஓர் அழுத்து. "மூச்ச இழுத்துப் பிடிங்க." நான் மூச்சையா பிடித்துக்கொண்டிருந்தேன்? நாலே நிமிஷம். பிறகு, "பாத்ரூம் போயிட்டு வாங்க, எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு பார்க்கணும்."

அங்கே இருப்பது ஒரே ஒரு டாய்லெட். தரை முழுக்க ஈரம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. தாழ்ப்பாளைக் காணோம், ஓட்டை மட்டும் இருந்தது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழுக்கிவிடாமல் இன்னொரு கையைச் சுவரில் ஊன்றி நிற்கிறேன். இரண்டு மணி நேரமாக முட்டிக்கொண்டு நின்றது, இப்போது வரவில்லை! இந்த வியாதியே அதுதான் ஐயா. வெளியே யாரோ தட்டுகிறார்கள், "சீக்கிரம் வாங்க" என்று. தட்டத் தட்ட இன்னும் வராது. கொஞ்சம் சொட்டியது, கொஞ்சம் நின்றது, ஏதோ முடித்தேன் என்று பேர் பண்ணிக்கொண்டு வந்து படுத்தேன். மிச்சம் 140 மில்லி என்று எழுதிக்கொண்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்கு இந்த அவஸ்தை எல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஆஃபர். போன மாதம்தான், "அப்பா, 84 டெஸ்ட், பாதி விலை" என்று புக் பண்ணினான். ரத்தம் எடுக்க வந்த பையன் வலது கையில் இரண்டு குத்து, இடது கையில் ஒரு குத்து. "வெயின் உருளுது சார்" என்றான். வயதானால் தோலுக்கு அடியில் இருக்கும் பிடிப்புக் குறைந்து நரம்பு நழுவத்தான் செய்யும். அது என் குற்றமா? வாரம் முழுக்கப் புறங்கையில் கத்தரிக்காய் நிறம்.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. பி.டி.எஃப். திறக்கப் பாஸ்வேர்டு. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதில் ஐந்து இடத்தில் கொட்டை எழுத்து, சிவப்பு அம்பு. வீட்டம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். கணக்கு வாத்தியார் மூளை அப்போதுதான் வேலை செய்தது. "நார்மல்" என்று பக்கத்தில் போடுகிறார்களே, அந்த வரம்பைப் பெரும்பாலும் எப்படி வகுக்கிறார்கள்? ஆரோக்கியமான ஆட்களைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கும் இருபது டெஸ்டுக்கு ஒன்று வெளியே விழும். 84 டெஸ்ட் எடுத்தால் சராசரியாக நாலு. எனக்கு ஐந்து. சர்க்கரையும் புராஸ்டேட்டும் இருக்கிற 72 வயது ஆளுக்கு ஐந்து என்பது பாராட்ட வேண்டிய மார்க். இதை அவளுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் போயிற்று. மகனுக்கு இன்னும் புரியவில்லை, அடுத்த ஆஃபரை அனுப்பியிருக்கிறான்.

மருந்துக் கடையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார்கள் அல்லவா, பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பாதி எப்போதும் கடையிலேயே தங்கிவிடும். நமக்கு வருவது வெறும் வெள்ளித்தாள். சர்க்கரைக்கும் வெள்ளை வட்டம், பிரஷருக்கும் வெள்ளை வட்டம். "அந்தக் கம்பெனி வரல, இதுவும் அதே மருந்துதான்" என்று நாலாம் மாதம் அது நீள வடிவமாகிவிடும். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நானும் அவளும் தினமும் கல் பொறுக்குகிறோம்.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். பெரிய பிளாஸ்டிக் கவரைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே கால் மணி நேரம். உள்ளே போனதும் அவர் படத்தை வெளியே எடுக்கவே இல்லை. கடைசி நாலு வரியைப் படித்தார்.

"புராஸ்டேட் கொஞ்சம் பெரிசு, மாத்திரையில பார்த்துக்கலாம். ஆனா மிச்சம் 140 காட்டுதே. ரொம்ப நேரம் அடக்கி வெச்சிருந்தீங்களா?"

"இரண்டு மணி நேரம் டாக்டர்."

"ஏன் சார் அவ்வளவு நேரம்? பை அளவுக்கு மீறி நிறைஞ்சா சரியா சுருங்காது, மிச்சம் கூடத்தான் காட்டும். இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை எடுத்துடுங்க."

வீட்டம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள், நான் ஏதாவது பேசிவிடுவேன் என்று. பேசவில்லை. ஃபீஸைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு மறுபடி போக வேண்டும். இந்தத் தடவை தண்ணீரை பாட்டிலில் கொண்டுபோகிறேன். அந்த ஸ்கேன் டாக்டரின் கார் வாசலில் வந்து நிற்பதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைத் திறப்பேன்.