பெயரைப் பார்த்து வாள் வாங்குகிறவர்களுக்கு

பழைய பாரசீக வாள் ஏலத்துக்கு வந்தால், விற்பவர் முதலில் காட்டுவது அலகில் பொன்னால் எழுதிய 'அசதுல்லா இஸ்ஃபஹானி' என்ற பெயரைத்தான். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் (ஆட்சி 1588–1629) காலத்துக் கொல்லர் என்பார். விலை மளமளவென்று ஏறும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அந்தப் பெயர் தாங்கிய வாள்களில் உள்ள ஆண்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்காது. அது எப்போதோ தர முத்திரையாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் கூசாமல் பொறித்துக்கொண்டார்கள்.

நான் நம்புவது எஃகை. நல்ல ஷம்ஷீரை, அதாவது வளைந்த பாரசீக வாளை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கருமையும் வெண்மையுமாக நெளிநெளியாய் வரிகள் ஓடும். மேற்பூச்சு அல்ல, மூசை என்ற மண்கலத்தில் உருக்கிய, கரிமம் மிகுந்த எஃகின் உள்ளமைப்பே அது. வரிகளுக்குக் குறுக்கே படிப்படியாகப் பட்டைகள் விழுந்திருந்தால் 'நாற்பது படி' என்று தனி மவுசு. இந்த எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் போயின. கோல்கொண்டா எஃகைப் பாரசீகர்கள் விரும்பி வாங்கியதை 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதியிருக்கிறார். நம் தமிழ்நாட்டு மேல்சிறுவலூரிலும் மூசை எஃகு செய்த தடயம் உண்டு. உடனே 'எல்லாம் நம்முடையது' என்று கிளம்பிவிட வேண்டாம். கட்டியை வரி கலையாமல் பதமான சூட்டில் அடித்து நீட்டியது அவர்கள் கை.

பொன் எழுத்தையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் தேய்ந்த இடத்தில், உருப்பெருக்கி வைத்து. பொன் உதிர்ந்த இடத்தில் பள்ளம் தெரிந்தால் எஃகை வெட்டிக் கம்பியைப் பதித்திருக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் மேலே தகடு ஒட்டிய வேலை. பழைய வாளுக்குப் பின்னாளில் பெயர் சூட்ட அதுவே சுலபம்.

நேரான அலகு, டிராகன் தலைக் கைக்காப்பு, அமிலத்தில் அரித்த பேய் உருவங்கள் உள்ள வாள்களைச் சிலுவைப்போர் காலத்தவை என்று விற்பார்கள். அவை பாரசீகத்தை ஆண்ட கஜார் வம்சத்தின் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகச் செய்தவை. அழகுப்பொருளுக்கான விலைக்கு வாங்குவதில் தவறில்லை.

வயிற்றெரிச்சல் வேறொன்று. துருவை எடுக்கிறேன் என்று மெருகுச் சக்கரத்தில் கொடுக்கிறார்கள். வரிகள் மறைந்து அலகு கண்ணாடிபோல் பளபளக்கும். அனுபவமுள்ளவர் அமிலமிட்டு வரிகளை மீட்கலாம். தேய்ந்துபோன எஃகு தேய்ந்ததுதான். அப்படித் தேய்த்துவிட்டு, 'புத்தம் புதிதாக இருக்கிறது' என்று கூடுதல் விலை சொல்பவரிடம் நான் பேரம்கூடப் பேசுவதில்லை.