எந்த ஷோகேஸ் நல்லது என்பது இரண்டாவது கேள்வி

ஏப்ரல் பிறந்தால் போதும், பெண்ணை லக்ராஸில் (வலைக் கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் ஆட்டம்) சேர்த்திருக்கும் அப்பா அம்மாக்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே கேள்வி வரும்: "இந்த சம்மருக்கு எந்த ஷோகேஸ் நல்லதுங்க?" ஷோகேஸ் என்பது, தங்கள் அணிக்கு ஆள் தேடும் கல்லூரிக் கோச்சுகள் வந்து பார்ப்பார்கள் என்று பணம் வாங்கி நடத்தும் ஆட்ட நிகழ்ச்சி. கேள்வியோடு கூடவே ஒரு மின்னஞ்சலின் ஸ்க்ரீன்ஷாட். உங்கள் மகளின் ஆட்டம் எங்கள் கவனத்துக்கு வந்தது, தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் அழைக்கிறோம், இடங்கள் வேகமாக நிரம்புகின்றன. ஒரே வாசகம் மூன்று வெவ்வேறு வீடுகளுக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெண் அந்த வருடம் காலில் கட்டோடு ஆடாமலே இருந்தவள்.

நாங்கள் இருப்பது மேரிலாந்து. 2004இல் லக்ராஸை மாநிலத்தின் அதிகாரபூர்வக் குழு விளையாட்டாகச் சட்டமே போட்டு அறிவித்த ஊர். (குதிரை மேல் ஏறி ஈட்டி பிடிக்கும் ஜவுஸ்டிங்கை அதற்கும் முன்பிருந்தே மாநில விளையாட்டாக வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை.) இங்கே கோடையில் பணம் செலவழிக்க வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் என் கருத்தை ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஷோகேஸில் யாரோ ஒரு கோச் உங்கள் பெண்ணைப் பார்த்து அசந்துபோய் "யார் இவள்?" என்று கேட்பார் என்ற கற்பனையை முதலில் விடுங்கள். அபூர்வமாக நடக்கலாம், அதை நம்பிச் செக் எழுத முடியாது. பெயரும் ஜெர்சி எண்ணும் ஏற்கெனவே கையில் இருக்கும் கோச், வீடியோவில் பார்த்தது நிஜம்தானா என்று சரிபார்க்க வருகிற இடம் அது. ஜாதகம் பொருந்திய பிறகுதானே பெண் பார்க்க வருவார்கள்? (உவமை எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நமக்குச் சட்டென்று புரிவது இதுதான்.) பத்து இருபது மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். கோச் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் பட்டியலில் இருக்கும் எண்களைத் தேடித்தான் நடப்பார். கடைசி மூலை மைதானத்தில் காலை எட்டு மணி ஆட்டத்துக்கு ஒருவர் வந்து நிற்கிறார் என்றால், யாரோ முன்கூட்டியே எழுதிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி, எந்தக் கல்லூரிகள்? படிப்பு, ஊர், கட்டணம், ஆட்டத்தின் தரம் எல்லாம் பார்த்துப் பதினைந்து இருபது பெயர்களை உங்கள் பெண் எழுதட்டும். பிறகு அந்தக் கோச்சுகள் ஜூன், ஜூலையில் எங்கே நிற்பார்கள் என்று தேடுங்கள். தேடுவது என்றால் கேட்பதுதான். "இந்தக் கோடையில் எந்தப் போட்டிகளுக்கு வருகிறீர்கள்?" என்று பெண்ணே மின்னஞ்சல் எழுதலாம். டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவு) கோச்சால் வயது குறைந்த பெண்ணுக்குப் பதில் போட முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது, அடுத்துச் சொல்கிறேன். கிளப் கோச் (பள்ளிக்கு வெளியே அவள் ஆடும் அணியின் கோச்) மூலம் கேட்டால் விஷயம் வந்துவிடும். தயவுசெய்து நீங்கள் உட்கார்ந்து மகள் பெயரில் எழுதாதீர்கள். பதினாறு வயதுப் பெண் "ஐ வுட் பி ஹைலி ஆப்ளைஜ்ட்" என்று எழுத மாட்டாள். படித்த உடனே கோச்சுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் காரணம். ஒரு காலத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்கள் கல்லூரிக்கு வாய்வார்த்தை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் லக்ராஸ் கோச்சுகளின் சங்கமே இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டு, 2017 ஏப்ரலில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை டிவிஷன் 1 கோச்சுகள் பெண்ணிடமோ பெற்றோரிடமோ சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. பேசத்தான் கூடாது, பார்க்கலாம். அதனால் பத்தாவது முடித்துப் பதினொன்றுக்குப் போகும் கோடைதான் டிவிஷன் 1க்கு உயிர்நாடி. அந்த ஜூலையில் பார்த்துக் குறித்துவைத்ததைத்தான் செப்டம்பர் பிறந்த நள்ளிரவில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். ஏழாவது, எட்டாவது பெண்ணுக்கு "ரெக்ரூட்டிங் ஷோகேஸ்" என்று விற்கிறார்கள் பாருங்கள், அது ஜாலிக்கு என்றால் சரி, ரெக்ரூட்டிங்குக்கு என்றால் வீண். இன்னொன்று, கோச்சுகள் வெளியே போய் ஆட்டம் பார்க்கவே கூடாத நாட்களும் வருடாவருடம் என்.சி.ஏ.ஏ. காலண்டரில் உண்டு, டெட் பீரியட் என்பார்கள். அந்தத் தேதிகளில் நடக்கும் நிகழ்ச்சிக்கு டிவிஷன் 1 கோச் யாரும் வர முடியாது. பணம் கட்டுமுன் அந்தக் காலண்டரைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

டிவிஷன் 3 (மூன்றாவது பிரிவு) என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். "ஸ்காலர்ஷிப் இல்லையே?" ஆமாம், விளையாட்டுக்கென்று தருவதில்லை. ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீகும்தான் தருவதில்லை, அங்கே யாரும் முகம் சுளிக்கக் காணோம். டிவிஷன் 1இலும் 'முழு ஸ்காலர்ஷிப்' என்பது பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பேச்சுதான். அண்மைக்காலம் வரை ஒரு அணிக்கு மொத்தமே 12 ஸ்காலர்ஷிப், அதை முப்பது பேருக்கு மேல் பிய்த்துப் பங்குபோடுவார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கு 2025இல் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த பிறகு, அந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 12 என்ற வரம்பு போய்விட்டது, பதிலுக்கு அணியில் 38 பேர்தான் என்று வந்திருக்கிறது. வரம்பு போனதால் எல்லாக் கல்லூரியும் பணத்தைக் கொட்டும் என்று அர்த்தமில்லை. பெரிய அணி வைத்திருந்த இடங்களில் ஓரத்து இடங்கள் குறையும் என்பதுதான் எனக்குத் தெரியும் விளைவு.

மிடில்பெரியை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பில் நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்று. 2022, 2023, 2024 என்று வரிசையாக டிவிஷன் 3 பெண்கள் லக்ராஸ் பட்டத்தையும் தூக்கிய கல்லூரி. இந்த மாதிரி இடங்களில் பதினொன்றாவது முடிந்த கோடையில் கோச் உங்கள் பெண்ணின் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி முன்கூட்டியே கருத்துக் கேட்பார். ப்ரீ-ரீட் என்பது இதுதான். படிக்கிற பெண்ணுக்கு லக்ராஸ் திறக்கும் கதவுகளில் பெரியது இது என்பேன். அப்படிப்பட்ட பெண்ணுக்கு, பங்கேற்பவர்களின் ஜி.பி.ஏ.வை (பள்ளி மதிப்பெண் சராசரி) கேட்டு வாங்கிக் கோச்சுகளுக்குத் தரும், படிப்பை முன்வைக்கும் ஷோகேஸ் ஒன்று, ஆரவாரமான மூன்று நிகழ்ச்சிகளுக்குச் சமம்.

கிளப் அணியோடு போகும் டோர்னமெண்டும், தனியாகப் பணம் கட்டிப் போகும் ஷோகேஸும் வேறுவேறு. கோச்சுகள் சங்கமே கோடையில் நடத்தும் டோர்னமெண்டுகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு விசேஷம் என்பதால் கூட்டமாக வருவார்கள். அதற்குப் பதிவு செய்வது கிளப், நாமல்ல. எனவே கிளப் இந்தக் கோடையில் எங்கெல்லாம் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, உங்கள் பட்டியலில் எது விடுபடுகிறதோ அதற்கு மட்டும் தனி ஷோகேஸ் தேடுங்கள்.

அதிலும் பெண் ஆடும் இடம் முக்கியம். தனி ஷோகேஸில் அன்றைக்கு அறிமுகமானவர்களைச் சேர்த்து அணி ஆக்குவார்கள். யாரும் யாருக்கும் பாஸ் கொடுப்பதில்லை, ஆளாளுக்குக் கோல் நோக்கி ஓட்டம்தான். ஒற்றைக்கு ஒற்றை வெட்டிப் போகும் மிட்ஃபீல்டுப் பெண்ணுக்கு இது திருவிழா. டிராவில், அதாவது ஆட்டம் தொடங்கும்போது இருவர் பந்துக்கு மோதுவதில், கெட்டிக்காரிக்கும் அப்படியே. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்தில் டிரா எடுத்தாக வேண்டும் என்பதால் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பாள். டிஃபென்ஸ் ஆடுகிறவள் பாடுதான் கஷ்டம். பக்கத்தில் இருப்பவளோடு பேசிப் பேசி, யார் எப்போது நகர்ந்து அடைக்கிறார்கள் என்பதில்தான் அவள் திறமையே இருக்கிறது. முன்பின் தெரியாத கூட்டத்தில் அது வெளியே வராது. அவளுக்குப் பழகிய கிளப் அணிதான் மேடை. கோலிகள் (கோல் காப்பவர்கள்) எண்ணிக்கையில் குறைவு, எல்லார் கண்ணிலும் படுவார்கள், ஆனால் பாதி ஆட்டம்தான் கிடைக்கும். எத்தனை கோலிகளைச் சேர்க்கிறார்கள் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நடத்துகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நூறு கல்லூரிகள் வந்தன என்று போட்டிருக்கிறீர்களே, அது எந்த வருடம்? என் மகளின் பட்டமளிப்பு ஆண்டுக்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை? ஒரு பெண்ணுக்கு எத்தனை நிமிட ஆட்டம்? நீங்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்கவேண்டுமா? இந்தக் கடைசிச் சங்கதி, ஸ்டே-டு-ப்ளே, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஏற்பாடு. மச்சினி வீடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவர்கள் காட்டும் அறைக்குத்தான் வாடகை அழ வேண்டும்.

கல்லூரிகளே தங்கள் அணியில் சேர விரும்புகிறவர்களுக்கு நடத்தும் கேம்ப்பான ப்ராஸ்பெக்ட் டேக்கு வரும் அழைப்பை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விதிப்படி அந்த கேம்ப்புகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அதனால் எல்லோருக்கும் அனுப்புவார்கள். ஆனால் பட்டியலின் முதல் இரண்டு கல்லூரிகளுக்கு நான் ஷோகேஸைவிட இதையே சொல்வேன். அந்தக் கோச்சே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். அவர் கத்துகிற விதம் பெண்ணுக்கு ஒத்துவருமா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

ஊருக்குப் போவது பற்றியும் கேட்கிறார்கள். ஜூன், ஜூலை முழுக்கச் சென்னை, மதுரை என்று இருந்துவிட்டால் பத்தாவது முடித்தவளுக்கு அந்தக் கோடை போயிற்று. ஒன்பதாவதா? தாராளமாகப் போங்கள், பாட்டி வீட்டில் நன்றாகச் சாப்பிடட்டும், முட்டிக்கும் ஓய்வு. முட்டியின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். வாராவாரம் வெயிலில் டர்ஃப் மைதானத்தில் ஓடவிட்டு அதை வரவழைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பத்தாவது முடித்தவளுக்கும்கூட, பட்டியலோடு பொருந்தும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் போதும், மிச்சக் கோடையைச் சும்மா விடுங்கள். ஆகஸ்டில் டிக்கெட் கிடைத்தால் அப்போது ஊருக்குப் போகலாம்.

இனி என்னிடம் கேட்க வருகிறவர்கள் மூன்று விஷயங்களோடு வாருங்கள்: எந்த ஆண்டு பட்டம் பெறுகிறாள், எந்த இடத்தில் ஆடுகிறாள், அவளே எழுதிய கல்லூரிப் பட்டியல். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.