வங்காரி மாத்தாய் வனவியல் பேராசிரியர் அல்ல

"மாத்தாய் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் வனவியல் பேராசிரியர், மரம் நட்டதில் என்ன ஆச்சரியம்?" என்று, கென்யாவில் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாயைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். மாத்தாய் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார் என்றும் சொல்கிறார். பல்கலைக்கழகம் சரி, துறைதான் தவறு. 1971-இல் மாத்தாய் முனைவர் பட்டம் பெற்றது கால்நடை உடற்கூறியலில். 1976-இல் அந்தத் துறைக்கே தலைவரானார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். மாடுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளை ஆராயக் கிராமப்புறம் போனபோதுதான், மேய்ச்சலின்றி எலும்பும் தோலுமாய் நின்ற மாடுகளையும் மழையில் அரித்துப்போன மண்ணையும் கவனித்தார். 1977-இல் மரம் நடத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், பேராசிரியராகவே ஓய்வு பெற்றார் என்பதும் சரியில்லை. 1982-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காக வேலையை விட்டார். போட்டியிடத் தகுதியில்லை என்று தடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகமும் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை.