காவேரிப்பட்டணத்தைப் பாதியில் வெட்டிய புண்ணியவானுக்கு

மாங்காய் சீசன். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களே வாசல் வரை நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மாங்கூழ் ஆலையிலிருந்து மெயில்: ஆலைக்கு பெங்களூரா ரக மாங்காய் போட்ட விவசாயிகள் பட்டியல், 312 பேர், ஆளுக்கொரு சீட்டாக பிரின்ட் வேண்டும். எக்செல்லில் திறந்தேன். தலையில் சாய்கோடு போட்ட இங்கிலீஷ் ஏ, வட்டத்துக்குள் ஆர், ஏதோ ஒரு கிறுக்கல். மறுபடி அதே ஏ, அதே ஆர். பெயர் முழுக்க இதேதான். எதிரே நின்ற பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, இங்கிலீஷுக்கு மீசை வெச்சிருக்காங்க?" என்கிறார்.

ஆலைக்கு ஃபோன் போட்டால், "நாங்க சரியாத்தாங்கண்ணா அனுப்பினோம், உங்க கம்ப்யூட்டர் பழசா இருக்கும்" என்று பதில். என் கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. அதற்கு அ, ஆ எல்லாம் தெரியாது, எண்தான் தெரியும். அது எண்ணைப் போட்டு வைக்கும் சின்னப் பெட்டிதான் பைட்டு; ஒரு பைட்டில் 256 எண்கள்தான் அடங்கும். ஆங்கிலம் அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். உலக எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் அந்த எண்ணைப் பைட்டுகளாகப் பிரித்து எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. ஃபைல் அந்த முறையில் இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்பினால், எக்செல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக வாசிக்கும். தமிழுக்கு முதல் பைட்டு எப்போதும் ஒன்றுதான். அதுதான் அந்த ஏ.

கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் நியூ ஜெர்சியில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்து முடித்த சங்கதி இந்த யூடிஎஃப்-8. ஆலைக்காரர்களுக்கோ, பட்டியலைச் சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற வரியைத் தேர்ந்தெடுக்கக் கை வரவில்லை!

சரி, இதை மீட்கலாம். டேட்டா மெனு வழியாக உள்ளே இழுத்து, யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் 65001 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். வந்தது. அப்புறம் ஊர்ப் பெயர் பத்தியைப் பார்க்கிறேன், "காவேரிப்பட" என்று நிற்கிறது! பின்னால் கருப்பு டைமண்டுக்குள் ஒரு கேள்விக்குறி. அவர்கள் புரோகிராமில் ஊருக்கு 32 பைட்டுதான் இடமாம். காவேரிப்பட்டணம் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. உள்ளே காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி; ஆக 15 குறி, 45 பைட்டு. 32-இல் கத்தி போட்டால், 'ட்'டின் புள்ளியே மூன்றில் இரண்டு பைட்டோடு துண்டாகி நிற்கிறது. கிருஷ்ணகிரி அதைவிடக் கொடுமை. அதற்கு 33 பைட்டு. ஒரே ஒரு பைட்டு பற்றாமல் மாவட்டத் தலைநகரமே "கிருஷ்ணகிர" ஆகிவிட்டது. தர்மபுரிக்காரன் 24 பைட்டோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். ஆங்கிலத்தில் மட்டும் அடித்துப் பார்த்து "ஓகே" சொன்ன அந்தப் புரோகிராமரை ஒரு நாள் காவேரிப்பட்டணம் பஸ்ஸில் ஏற்றி, பாதி வழியில் இறக்கிவிட வேண்டும்.

ஊர்ப் பெயரையாவது ஊகித்து எழுதிவிடலாம். 40 பேரின் பெயர்கள் அதற்கும் முன்பே செத்திருந்தன. யாரோ தமிழுக்கு இடமே இல்லாத சாதா சிஎஸ்வியாகச் சேமித்துத் தொலைத்ததில், ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிட்டது. அதற்குள் மீட்க ஒன்றுமே இல்லை. வரிசையாக ஒன்பது கேள்விக்குறி என்றால் முருகேசனும் ஆகலாம், கோவிந்தனும் ஆகலாம். காய் போட்டவருக்குப் போக வேண்டிய சீட்டில் நான் யார் பெயரை அடிப்பது? நல்ல வேளை, ஃபோன் நம்பர் வெறும் எண் என்பதால் பிழைத்துக் கிடந்தது. நாற்பது பேரையும் கூப்பிட்டு, "ஐயா, உங்க பேர் என்னங்க?" என்று கேட்டேன். மூன்று பேர் ஓடிபி திருடன் என்று திட்டிவிட்டு வைத்தார்கள்.

பில்லில் டைப்பிங் கூலி என்று 300 ரூபாய் சேர்த்திருந்தேன். "பிரின்ட் எடுக்கத்தானே சொன்னோம், டைப்பிங் எதுக்குங்கண்ணா?" என்கிறார்கள்.