விதைப்பந்து வீசினால் மட்டும் காடு வராது

“ஒரு பந்து வீசினால் ஒரு மரம்; குழியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.” தர்மபுரி, பென்னாகரம் பக்கம் விதைப்பந்தைப் பற்றி, அதாவது விதையை உள்ளே வைத்து உருட்டிய மண் உருண்டையைப் பற்றி, வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

வேப்பங்கொட்டையைப் பாருங்கள். பழம் உதிர்ந்த இரண்டு, மூன்று வாரத்திலேயே முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும். பந்தாக உருட்டி, பந்து வீசும் விழா நாள்வரை சாக்கில் கட்டி வைத்தால் பெரும்பாலும் செத்த விதையைத்தான் வீசுகிறோம். உயிருள்ள விதையும் இறுகிய சரளைச் செம்மண்ணில் ஒரு மழைக்கு முளைத்து, வேர் இறங்க வழியில்லாமல் அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். தப்பியதை ஆடு கடித்துவிடும்.

மேட்டு நிலத்துக்குக் குழிதான் வழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ.; கோடையிலேயே வெட்டி ஆறப்போடுங்கள். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் 200 கிராம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் கரையானைக் கூட்டிவரும், கண்டிப்பாக வேண்டாம். மண் ஓரடி ஆழத்துக்கு நனைந்தபின் புரட்டாசியில் நாற்றை நடுங்கள். நாற்றுப் பையைக் கிழித்ததும் அடியில் வேர் சுருண்டிருக்கும். அதை நறுக்காமல் நட்டால் வேர் பரவாது, சில வருடத்தில் மரம் காற்றுக்குச் சாயும். சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்தில் பிறை வடிவில் மண்கரை போட்டால் ஓடும் நீர் செடியடியில் நிற்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் 10 லிட்டர் தண்ணீரும், சுற்றி முள்வேலியும் தேவை.

பந்து வீசத்தான் ஆசையா? புதிய விதையை, மழை பிடித்தபின், புதர் நிழலில் போடுங்கள்.