தலை ஆடும் பாம்புக் குட்டியை வாங்கலாமா?

வாங்காதே என்றுதான் தங்கை மகனிடம் சொன்னேன். அவனுக்கு வருத்தம். பாம்பு வளர்க்க ஆசைப்படும் இளம் பிள்ளைகள் இப்போது நம் தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையவே இருக்கிறார்கள். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவன் பார்த்து ஆசைப்பட்டது ஸ்பைடர் என்ற நிற வகை பால் பைத்தான் குட்டி. (பால் என்றால் இங்கே ஆங்கிலத்தில் பந்து, பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு இது.) பொன் நிற உடம்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள், பார்க்க உண்மையிலேயே அழகு. ஆனால் தலையை நேராக வைத்துக்கொள்ள முடியாமல் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தது. விற்பவர், "புது இடம், பயப்படுது. வளர வளர சரியாகிவிடும்" என்று சொல்லி விலையையும் குறைத்திருக்கிறார்.

சரியாகாது. இதை நான் அடித்துச் சொல்வேன்.

பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளும் புல்வெளிகளும். கானா, டோகோ, பெனின் பக்கமிருந்து உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஸ்பைடர் என்பது அதில் ஒரு மரபணு மாற்றம். அமெரிக்காவில் 1999-ல் முதன்முறையாக அதிலிருந்து குட்டிகளை எடுத்தார்கள். தாய் தந்தையில் ஒன்று ஸ்பைடராக இருந்தாலே போதும், குட்டிகளில் சராசரியாகப் பாதி ஸ்பைடராகப் பிறக்கும். அந்த அழகான கோடுகளைத் தரும் அதே மரபணுதான் தலை ஆட்டத்தையும் தருகிறது. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க இத்தனை வருடங்களில் யாராலும் முடியவில்லை.

ஏன் ஆடுகிறது என்பதும் இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது. 2022-ல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வில், ஸ்பைடர் பாம்புகளின் தலையை நுண் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் சமநிலையை உணரும் உள்காதின் அரைவட்டக் குழாய்களும் அதை ஒட்டிய சிறு பையும் உருக்குலைந்து இருந்தன. அதாவது எது மேலே, எது கீழே என்று உணரும் உறுப்பே கோணலாகப் பிறக்கிறது. அது வளர்ந்து சரியாகும் விஷயம் இல்லை. மருந்தும் இல்லை.

சில ஸ்பைடர்களுக்கு லேசான நடுக்கம் மட்டும்தான் இருக்கும். சிலவற்றுக்குத் தலை திருகு ஆணிபோல் முறுக்கிக்கொள்ளும், மல்லாந்து விழுந்தால் திரும்பத் தெரியாது, இரையைக் கொத்தப் போனால் குறி தவறும். பசி, பயம், கையில் எடுப்பது என்று பரபரப்பு கூடும்போதெல்லாம் ஆட்டமும் கூடும். அசையாமல் சுருண்டு கிடக்கும் பாம்பின் வீடியோவை அனுப்பி "பாருங்கள், நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதில் எதுவும் தெரியாது. பெற்றோருக்கு லேசாக இருந்தால் குட்டிக்கும் லேசாகத்தான் இருக்கும் என்பதும் நம்பக்கூடிய கணக்கு இல்லை. பம்பிள்பீ, கில்லர்பீ, ஸ்பின்னர் என்று வேறு பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது இதே மரபணு. ஷாம்பெயின், வோமா வகைகளிலும் இந்த ஆட்டம் உண்டு. பெயரைக் கேட்டு மயங்காதீர்கள், எந்த மரபணுக்கள் சேர்ந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்பைடர் மரபணுவே இல்லாத பாம்பு தலையை ஆட்டினால், அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அது இன்னும் கவலைக்குரியது. அதிகச் சூடு பட்டிருக்கலாம், உண்ணிக்கு அடித்த மருந்து விஷமாகியிருக்கலாம், அல்லது ஐபிடி என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். 2012-ல்தான் அதன் பின்னால் இருப்பது அரினா வகை வைரஸ் என்று தெரிந்தது. குணப்படுத்த வழியில்லை, வீட்டில் இருக்கும் மற்ற பாம்புகளுக்கும் பரவும். பைத்தான்களில் வேகமாகவே முற்றிவிடும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு அவன் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிந்தது. "நான் வாங்கலைன்னா அதோட கதி என்ன மாமா?"

அவன் மனசு நல்ல மனசு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் வீடுகளில் பாம்பென்றால் அம்மன் வடிவம் என்று கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த முன்னோர்கள், புற்றைக் கண்டால் மஞ்சள் பூசிப் பாலூற்றியவர்கள். (பாம்பு பால் குடிக்காது, அது வேறு விஷயம். தயவுசெய்து வளர்க்கும் பாம்புக்குப் பால் வைக்காதீர்கள்.) அப்படி வந்தவனுக்கு ஒரு குட்டி துன்பப்படுவதைப் பார்த்துவிட்டுப் போக மனசு வராதுதான்.

ஆனால் அவன் கொடுக்கும் ராண்ட் அந்தக் குட்டிக்குப் போகவில்லையே. விற்பவரின் கைக்குப் போகிறது. தலை ஆடும் குட்டியும் விலைபோகும், கொஞ்சம் குறைத்தால் இரக்கப்பட்டு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த பருவத்தில் அதே ஜோடியை மறுபடி சேர்ப்பார். அப்புறம் இன்னொரு முட்டைக் குவியல், அதில் இன்னும் சில குட்டிகள். ஒன்றைக் காப்பாற்றப் போய் பின்னால் வரப்போகிற பலவற்றுக்கு நாமே முன்பணம் கொடுத்ததாக ஆகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் இரக்கத்தை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"ஸ்பைடர் நன்றாகச் சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, இருபது வருடம்கூட வாழ்கிறது, பிறகென்ன" என்று சில வளர்ப்பாளர்கள் வாதாடுகிறார்கள். சாப்பிடுவது உண்மைதான். ஆனால் பாம்புக்குக் கத்தவும் தெரியாது, முகம் சுளிக்கவும் தெரியாது. அது அழவில்லை என்பதை வைத்து அதற்குக் கஷ்டம் இல்லை என்று எப்படி முடிவு செய்வது? நம் கண்ணுக்கு நிறம் வேண்டும் என்பதற்காக, பிறப்பிலேயே குறை இருக்கும் என்று தெரிந்தும் ஓர் உயிரை உருவாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா நோயும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோல் சரியாக உரியாதது, கொஞ்சம் உண்ணி, சில வாரம் சாப்பிடாதது, இவை பெரும்பாலும் சரியாகக்கூடியவை. ஆரோக்கியமான பால் பைத்தானே மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் குமிழ், சளி, இழுப்புச் சத்தம் என்றால் அது நெஞ்சுச் சளிதானே என்று விட்டுவிடக் கூடாது. பாம்பு பார்க்கத் தெரிந்த விலங்கு மருத்துவரிடம் போக வேண்டும், நாய் பூனை பார்ப்பவர்கள் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. அந்தச் செலவு குட்டியின் விலையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

நம் ஊரில் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரை சூடு வேண்டும், மறுபக்கம் 25, 26 இருக்கலாம். டர்பனில் ஈரப்பதம் பரவாயில்லை, ஆனால் ஜூலை இரவில் 11 டிகிரி வரை இறங்கும். ஜோஹன்னஸ்பர்கில் குளிரோடு வறட்சியும் சேரும், தோல் உரிப்பது கெடும். நல்ல பாம்பு சில மணி நேரக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். நுரையீரலில் கிருமி உள்ள பாம்புக்குச் சூடுதான் பாதி மருந்து. லோட்ஷெடிங் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாத நாட்டில், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் நோயுள்ள பாம்பை ஏற்பது ஆபத்து.

அப்படியானால் எதை வாங்குவது? நேரில் போங்கள். கையில் எடுத்தால் உடம்பு இறுக்கமாக, விரலைச் சுற்றிப் பிடிப்பதாக இருக்க வேண்டும். கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் கறுப்புப் புள்ளிபோல் உண்ணி ஊர்கிறதா, தண்ணீர்க் கிண்ணத்தில் செத்து மிதக்கிறதா பாருங்கள். முதுகெலும்பில் வளைவு கூடாது. மெதுவாக மல்லாத்தினால் உடனே திரும்ப வேண்டும். சாப்பிட்ட தேதிகளை எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், முடிந்தால் உங்கள் கண்முன் சாப்பிடச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் ஆளிடம் வாங்காமல் வந்துவிடலாம். பால் பைத்தான், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் உயிர். அதனால் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேட்பதும் நியாயம்தான். நம் மண்ணின் பைத்தானைக் காட்டிலிருந்து பிடித்து விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இனம். குவாசுலு-நடாலில் எதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை மாகாண வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதியதை மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள்.

ஏற்கெனவே ஸ்பைடர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். பணம் வாங்காமல் யாராவது கைவிட்டதை எடுத்து வளர்ப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஏறி விழும்படியான உயரக் கிளைகளை எடுத்துவிடுங்கள், ஒளிய இறுக்கமான இடம் கொடுங்கள். உறைய வைத்து இளக்கிய எலியை இடுக்கியால் வாயருகே கொண்டுபோய்க் கொடுங்கள், தேவையில்லாமல் கையில் எடுக்காதீர்கள். ஒரு நாள் ஆட்டம் முற்றி அதனால் விழுங்கவே முடியாமல் போனால், அதற்கு மேல் இழுத்தடிக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். நல்ல ஜோடி கிடைத்திருக்கிறது, ஒரே ஒரு தடவை முட்டை எடுத்துப் பார்க்கலாமா என்று யாராவது வந்து கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.